ராஜினாமாவில் கையெழுத்திட மறுத்தேன்; மறுநாள் வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். என் வேலை போய்விட்டதா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. கோவைப் புறநகரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாக சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டு இயந்திர) ஆபரேட்டராக வேலை செய்கிறீர்கள். ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி, மனிதவளப் பிரிவில் உட்காரவைத்து, தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்கள். மறுத்துவிட்டு வந்தீர்கள். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போனபோது உங்கள் கார்டு பஞ்ச் ஆகவில்லை. காவலாளி உள்ளே விடவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்தது: முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராமல் இருக்கிறீர்கள், மூன்று நாளில் திரும்பாவிட்டால் நீங்களாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதுவோம் என்று. தொலைபேசியில் மட்டும், கையெழுத்துப் போட்டால் 60,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். "கேஸ் போட்டால் பத்து வருடம் ஆகுமாம், வாங்கிக்கொண்டு போய்விடலாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சட்டத்தின் கண்ணில் உங்கள் வேலை போய்விட்டதா என்பது ஒன்று. அந்த 60,000 நியாயமான தொகையா என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை உங்களால் முடிவெடுக்க முடியாது. நான் கோவையில் தொழிலாளர் தரப்பில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர். உங்கள் பணி நியமனக் கடிதத்தையும் வந்த கடிதத்தையும் பார்க்காமல் எழுதுகிறேன். பொதுவாக உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகவும், உங்கள் காகிதங்களைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதை அப்படியேயும் சொல்கிறேன்.

முதலில் அவசரமானது. அந்த மூன்று நாள் கெடு முடிவதற்குள் தொழிற்சாலைக்குப் போங்கள். கெடு முடிந்துவிட்டிருந்தாலும் நாளைக் காலையே போங்கள். "எப்படியும் உள்ளே விடமாட்டார்கள், போய் என்ன பயன்" என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் இத்தகைய வழக்குகளில் தொழிலாளி தன் கையாலேயே எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் சான்று. ஷிஃப்டு நேரத்துக்கு, சீருடையோடு, சாட்சிக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். கையில் இரண்டு பிரதியாக ஒரு கடிதம் இருக்கட்டும். அதில் வாதம் வேண்டாம், சட்டப் பிரிவு வேண்டாம், கோபம் வேண்டாம். "இன்ன தேதியில் என்னை அழைத்து ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டீர்கள், நான் மறுத்தேன். மறுநாள் காலை இத்தனை மணிக்குப் பணிக்கு வந்தபோது வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டேன். நான் விடுப்பு எடுக்கவில்லை, வேலையை விடவும் இல்லை. இன்றும் பணிக்கு வந்திருக்கிறேன். எனக்கு வேலை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். வாங்கிக்கொண்டு முத்திரை வைத்துக் கொடுத்தால் நல்லது. வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரிக்கும் அதையே அனுப்புங்கள். உள்ளே விட்டுவிட்டால் பேசாமல் போய் வேலையைப் பாருங்கள். மற்றதை மாலையில் யோசிக்கலாம்.

இந்தக் கடிதத்துக்கு நான் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்றால், உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு உண்மையைப் பொறுத்தது: நீங்கள் வரவில்லையா, அவர்கள் விடவில்லையா? தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் இதை வேலை மறுப்பு என்பார்கள். எழுத்தில் பணிநீக்க உத்தரவு இல்லாததால், நடந்ததை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் தொழிலாளி தலையில்தான் விழுகிறது. மூன்று மாதம் கழித்து ஒரு வழக்கறிஞர் எழுதித்தரும் நோட்டீஸைவிட, நடந்த வாரத்திலேயே நீங்கள் உங்கள் மொழியில் எழுதிய அரைப் பக்கம் நீதிபதியிடம் கூடுதலாகப் பேசும்.

இனி வேலை போய்விட்டதா என்ற கேள்வி. போகவில்லை. ராஜினாமா என்பது தொழிலாளி தானாக விரும்பிச் செய்வது. அவர் கையெழுத்து இல்லாமல் அது இல்லை. "வராவிட்டால் விட்டதாகக் கருதுவோம்" என்று நிர்வாகம் ஒரு தாளில் எழுதிவிடுவதாலும் வேலை போய்விடாது. நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணையிலேயே அப்படி ஒரு விதி இருந்தாலும், விசாரணை நடத்தித் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் பெயரை நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் டி.கே. யாதவ் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலும் தொழிலாளி சொன்னது உங்கள் கதைதான்: நான் வந்தேன், வாயிலில் தடுத்தார்கள் என்று. அந்தத் தீர்ப்பு வெறும் தொழிற்சட்டப் பிரிவை மட்டும் நம்பி நிற்கவில்லை. அரசியலமைப்பின் 14, 21ஆம் கூறுகளைச் சார்ந்து எழுதப்பட்டது. அதனால்தான் சட்டம் மாறிய பிறகும் அது செல்லும் என்று தயங்காமல் சொல்கிறேன்.

சட்டம் மாறியிருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது அவசியம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஊதியம், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான மற்ற மூன்று தொகுப்புகளும் அன்றே வந்தன. இணையத்தில் நீங்கள் படிக்கும் பெரும்பாலான விளக்கங்கள் பழைய சட்டத்தை வைத்து எழுதப்பட்டவை. பல இடங்களில் சாரம் அப்படியே தொடர்கிறது, பிரிவு எண்தான் மாறியிருக்கிறது. சில இடங்களில் மாறியிருப்பது தொழிலாளிக்கு இழப்பு. அதில் கெடு முக்கியமானது. பணிநீக்கம் செய்யப்பட்டவர் மூன்று ஆண்டுக்குள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றிருந்தது. இப்போது தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டால், இரு தரப்பையும் பேசவைக்கும் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி அதைக் கையில் எடுக்கவே முடியாது. சமரசம் முறிந்து அவருடைய அறிக்கை கிடைத்தால், 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். "மூன்று வருடம் இருக்கிறது, பொறுமையாகப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நிர்வாகம் ஏன் இவ்வளவு பாடுபட்டு உங்கள் கையெழுத்தைத் தேடுகிறது? ஆர்டர் குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆட்களைக் குறைக்கச் சட்டம் அவர்களுக்கு வழி விட்டிருக்கிறது. அதன் பெயர் ஆட்குறைப்பு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்வதானால், காரணம் எழுதி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான ஊதியம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையாக இருந்தால் அரசின் முன்அனுமதியே தேவை. பழைய சட்டத்தில் இந்த வரம்பு 100 பேராக இருந்தது. ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் பொதுவாக முதலில் அனுப்ப வேண்டும். மீறினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்குப் பின்னால் சேர்ந்த ஆபரேட்டர்கள் இன்னும் அதே இயந்திரங்களில் வேலை செய்கிறார்களா? அவர்கள் பெயர்களையும் சேர்ந்த ஆண்டையும் இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். ராஜினாமாவில் கையெழுத்து விழுந்துவிட்டால் இவற்றில் ஒன்றும் மிஞ்சாது. தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது மிகக் கடினம். நீங்கள் கையெழுத்திட மறுத்தது சரியான முடிவு.

இப்போது அந்த 60,000. மொத்தச் சம்பளம் 26,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 9,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து ஆண்டு முடித்துவிட்டதால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்களுடையது. ராஜினாமா செய்தாலும், ஆட்குறைப்பு ஆனாலும் அது உங்களுக்கு வந்தே தீர வேண்டிய பணம். வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற சில காரணங்களுக்காக வேலையை விட்டு நீக்கப்பட்டால்தான் அதைப் பிடித்துவைக்க முடியும். கணக்கு எளிது: கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். பழைய வழக்கப்படி 9,000ஐ வைத்துக் கணக்கிட்டால் சுமார் 31,150 வரும். ஆனால் புதிய தொகுப்புகளில் ஊதியம் என்பதன் வரையறை மாறியிருக்கிறது. வீட்டு வாடகைப்படி போன்ற விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கருதப்படும். அப்படியானால் உங்கள் ஊதியம் குறைந்தது 13,000. அதை 26ஆல் வகுத்தால் 500. 15 நாளுக்கு 7,500. ஆறு ஆண்டுக்கு 45,000. முறையாக ஆட்குறைப்பு செய்திருந்தால் இதற்கு மேல், ஆறு ஆண்டுக்கும் சேர்த்து 90 நாள் ஊதியம், அதாவது மாதத்தை 30 நாளாக எடுத்தால் 39,000. நோட்டீஸ் மாதத்துக்கு 13,000. ஆட்குறைப்பானவர் வேறு திறன் கற்பதற்கான மறுதிறன் பயிற்சி நிதியாக இன்னொரு 15 நாள் ஊதியம், சுமார் 6,500. மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. எடுக்காத விடுப்புக்கான பணம், வர வேண்டிய போனஸ், இந்த மாதம் வேலை செய்த நாட்களின் சம்பளம் இவை எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

ஆக, அவர்கள் தருவதாகச் சொல்லும் 60,000இல் 45,000 உங்கள் பணிக்கொடை. விடுப்பையும் போனஸையும் சேர்த்தால் மிச்சமும் ஏறத்தாழ உங்கள் பணமாகவே முடியலாம். வேலையை விட்டுக்கொடுப்பதற்கென்று அவர்கள் தருவது அனேகமாக ஒன்றுமில்லை. சமரசப் பேச்சுக்குப் போகும்போது எல்லாத் தொழிலாளர்களிடமும் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் போடச் சொல்கிறேன்: எப்படியும் எனக்கு வர வேண்டியது எவ்வளவு, அதற்கு மேல் என் வேலைக்கென்று தருவது எவ்வளவு? ஒரே தொகையாகச் சொல்லும்போது அது பெரிதாகத் தெரியும். பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஊதிய வரையறை பற்றி ஓர் எச்சரிக்கை: 13,000 என்பது சட்டத்தின் சொற்களை நான் படிக்கும் விதம். எந்தப் படி உள்ளே, எது வெளியே என்று நிர்வாகங்கள் வாதாடும். உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் துல்லியமாகச் சொல்ல முடியும். பழைய சட்டத்துக்கு எழுபத்தைந்து ஆண்டுத் தீர்ப்புகள் பொருள் சொல்லிவைத்திருக்கின்றன. புதியதற்கு அந்தத் துணை இனிமேல்தான் உருவாக வேண்டும்.

நிர்வாகம் எழுப்பக்கூடிய இன்னொரு வாதம், நீங்கள் தொழிலாளியே இல்லை என்பது. உங்கள் அடையாள அட்டையில் "சீனியர் அசோசியேட்" என்று இருப்பதாகச் சொன்னீர்கள். அது பொருட்டல்ல. பதவியின் பெயரை விட்டுவிட்டு, உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் தொடர்ந்து பார்த்துவந்திருக்கின்றன. இயந்திரத்தை இயக்குபவர் தொழிலாளி, இதில் ஐயமில்லை. மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000க்கு மேல் ஊதியம் வாங்குபவரும், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும்தான் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். உங்கள் கீழ் பயிற்சி பெறுபவர்கள் மூன்று பேர் இருந்தார்கள் என்பதை அவர்கள் பெரிதாக்கலாம். அவர்களுக்கு விடுப்பு கொடுக்கவோ அவர்களைத் தண்டிக்கவோ உங்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பதே கேள்வியாக இருக்கும்.

அடுத்தது சமரசம். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். கோவையில் அந்த அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. பணித்தொடர்ச்சியோடும், வெளியே நிறுத்தப்பட்ட காலத்துக்கான பின்சம்பளத்தோடும் இதர பலன்களோடும் மீண்டும் வேலை வேண்டும் என்று கேளுங்கள். கடைசியில் பணம் வாங்கிக்கொண்டு விலகுவதுதான் உங்கள் எண்ணம் என்றாலும் மனுவில் கேட்க வேண்டியது வேலையைத்தான். இந்த அதிகாரிக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவைப்பதோடு அவர் வேலை முடிகிறது. இதை அறியாமல் வந்து, இவரும் முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டார் என்று மனம் உடைந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் முன்னால் எட்டப்படும் ஒப்பந்தம் வலுவானது. பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இன்றும் 12(3) ஒப்பந்தம் என்று சொல்வார்கள். நிர்வாக அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து எழுதித்தரும் தாளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சமரச ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில் என்று எழுதப்படும். அனுபவச் சான்றிதழ் தருவதும், அதில் உங்களுக்குக் கேடான சொல் இல்லாமல் இருப்பதும் அந்த ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். 45 நாளில் பேச்சு முடிய வேண்டும் என்பது சட்டம். நிர்வாகம் வாய்தா கேட்டுக் கேட்டு அது நீள்வது நடைமுறை.

பத்து வருடமா என்று கேட்டீர்கள். தீர்ப்பாயத்தில் சில ஆண்டுகள் ஆகும்; பிறகு உயர் நீதிமன்றம் இருக்கிறது. இதை மறைத்து உங்களை வழக்குக்குள் இழுக்க நான் தயாராக இல்லை. வென்றாலும் முழுப் பின்சம்பளம் கிடைக்குமா என்பது உறுதியில்லாதது. சட்டவிரோதமாக நீக்கப்பட்டவருக்கு மீண்டும் வேலையும் பின்சம்பளமும் தருவதே இயல்பான விதி என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் சொன்னது. பிறகு வந்த தீர்ப்புகள் சில பாதியாகக் குறைத்தன. சில, வேலைக்குப் பதிலாக ஒரு தொகையை இழப்பீடாகக் கொடுத்தன. ஆனால் கணிசமான வழக்குகள் தீர்ப்புவரை போவதில்லை. சமரசத்திலோ, தீர்ப்பாயத்தில் மனு பதிவாகி எண் பெற்ற பிறகோ, நிர்வாகத்தின் சாட்சி குறுக்கு விசாரணைக்கு வர வேண்டிய கட்டத்திலோ பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சில் உங்கள் பலம், நீங்கள் இப்போது சேர்த்துவைக்கும் காகிதங்கள்தான். வழக்கு நடக்கும் காலத்தில் வேறு வேலைக்குப் போகக் கூடாதோ என்ற பயம் வேண்டாம். போகலாம், குடும்பம் நடக்க வேண்டும். அதனால் வழக்கு கெடாது. சம்பாதித்ததை மறைத்து, சும்மா இருந்தேன் என்று சத்தியம் செய்தால்தான் கெடும். பின்சம்பளக் கணக்கில் அது கழியக்கூடும், அவ்வளவுதான்.

செலவைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, தொழில்துறைத் தொழிலாளி என்ற காரணத்தாலேயே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைய அலுவலகம் இருக்கும். இந்த உரிமையைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆதங்கம்.

காகிதங்கள் என்றேன்; உங்கள் கையில் இருப்பதில் தொடங்குங்கள். பி.எஃப். உறுப்பினர் தளத்தில் இன்று நுழைந்து, பணியிலிருந்து வெளியேறிய தேதியும் காரணமும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சத்தமில்லாமல் ராஜினாமா என்று ஏற்றியிருந்தால் திரைப் பிரதி எடுத்துவைத்து, அதை மறுத்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். பாஸ்புக்கையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஷிஃப்டு பட்டியல் வரும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்கிய தேதி தெரியும்படி ஒரு படம் எடுங்கள். 60,000 பற்றிய தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தக் கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழோடு தாக்கல் செய்யும்போது மூலக் கருவி பற்றிக் கேள்வி வரும். நீங்கள் கேட்காமலே வங்கிக் கணக்கில் ஒரு தொகை விழுந்தால் பதற வேண்டாம். "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன், இது எதற்கான தொகை என்று விவரம் தரவும்" என்று அன்றே எழுதி அனுப்புங்கள்.

உங்கள் ஐ.டி.ஐ. அசல் சான்றிதழ் அவர்களிடம் இருப்பதாகச் சொன்னீர்கள். அதைப் பிணையாகப் பிடித்துவைக்க எந்தச் சட்டமும் முதலாளிக்கு உரிமை தரவில்லை. அதற்கு ஒரு தனிக் கடிதம் எழுதுங்கள். வேலை கேட்கும் கடிதத்தோடு கலக்காதீர்கள். சான்றிதழைத் திருப்பிக் கேட்பதே விலகும் எண்ணத்தின் அடையாளம் என்று வாதாட இடம் வைக்கக் கூடாது. எனவே வேலை கேட்கும் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு இது போகட்டும்.

கடைசியாக, எனக்குத் தெளிவாகாத ஒன்று. உங்கள் நியமனக் கடிதத்தில் வெளியூர்க் கிளைக்கு மாற்றலாம் என்று ஒரு வரி இருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதன் முழு வாசகம் முக்கியம். நீங்கள் திரும்பி வந்து நின்றால், அவர்கள் அடுத்து எடுக்கக்கூடிய ஆயுதம் இடமாற்ற உத்தரவு. அது வந்தால் மறுத்து எழுதிவிடாதீர்கள். போகாமல் இருந்தால், இப்போது பொய்யாகச் சொல்லும் குற்றச்சாட்டு அப்போது உண்மையாகிவிடும். பெயர், முகவரி, நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை மறைத்துவிட்டு அந்தப் பத்தியையும், வந்த கடிதத்தின் தேதியையும் இங்கே எழுதுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள்.